தீர்ப்புக்கு முன்பே சிறை: சொஸ்மா, பொக்கா என்றால் என்ன?

கேரி தீவைச் சேர்ந்த ஓர் இளைஞர் திருட்டுக் குற்றத்துக்காகக் கைதாகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதே இளைஞர் குண்டர் கும்பல் உறுப்பினர் என்ற சந்தேகத்தில் பிடிபட்டால்? கதையே வேற.

சொஸ்மா (2012)

இச்சட்டத்தின்கீழ் போலீஸ் ஒருவரை நீதிமன்ற உத்தரவு இல்லாமலே 28 நாள் வரை தடுத்து வைக்கலாம். "சரி, குற்றம் சாட்டிய பிறகு ஜாமீன்ல வந்துடலாமே?" பெரும்பாலும் முடியாது. 18 வயதுக்குட்பட்டவர்கள், பெண்கள், நோயாளிகளுக்கு மட்டுமே சில வழக்குகளில் விலக்கு உண்டு. மற்றவர்கள் வழக்கு முடியும்வரை உள்ளேதான். விடுதலையானாலும் போன காலம் திரும்பாது.

பொக்கா (1959)

இதில் வழக்கு விசாரணையே இல்லை. குற்றத் தடுப்பு வாரியம் முடிவெடுத்தால் 2 ஆண்டு தடுப்புக் காவல். அதை நீட்டிக்கவும் முடியும்.

ஏன் இந்தச் சட்டங்கள்?

1969-ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டமும் விசாரணையின்றித் தடுத்து வைக்க அனுமதித்தது. அது ரத்தாகும் என 2011-இல் நஜிப் அறிவித்தார். ஆனால் 2013-இல் பொக்கா திருத்தப்பட்டு, அதே அதிகாரம் வேறு பெயரில் திரும்பியது. கும்பலுக்குப் பயந்து சாட்சிகள் வாய் திறப்பதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்தப் பயம் பொய்யல்ல.

அமெரிக்கா சொல்லும் பாடம்

1971-இல் நிக்சன் போதைப்பொருளுக்கு எதிராகப் போர் அறிவித்தார். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 கிராம் 'கிராக்' கொக்கைனுக்கும் 500 கிராம் தூள் கொக்கைனுக்கும் ஒரே தண்டனை: குறைந்தது 5 ஆண்டு. அதிகம் சிக்கியவர்கள் கறுப்பினத்தவர். கைதிகளின் எண்ணிக்கை பின்னாளில் 20 லட்சத்தைத் தாண்டியது. அங்கே தீர்ப்புக்குப் பின் நீண்ட சிறை; இங்கே தீர்ப்புக்கு முன்பே சிறை. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: சமூகப் பிரச்சினையைப் பூட்டி வைத்தால் தீர்ந்துவிடும்.

நமக்கு என்ன?

2013-இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களை அறிவித்தது. உறுப்பினர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்தியர்கள் என்றது. மக்கள் தொகையில் நாம் ஏறக்குறைய 7 விழுக்காடுதான். செம்பனைத் தோட்டங்களை விட்டு, நிலமும் கைத்தொழிலும் இல்லாமல் கிள்ளான் போன்ற நகரங்களுக்கு வந்த குடும்பங்களின் நிலையைப் பார்க்காமல் இந்தக் கணக்கு புரியாது. சிறைக் கதவு அதற்கு வேலை தராது, பள்ளிக்கும் அனுப்பாது.

தெரிஞ்சு வச்சுக்கோங்க

கைதானால் காரணத்தைக் கேளுங்கள். அதைச் சொல்வது போலீசின் கடமை. சாதாரண வழக்கில் விசாரணைக்கு முன்பே குடும்பத்தையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளலாம். சொஸ்மாவில் வழக்கறிஞரைச் சந்திப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். ஆனால் குடும்பத்துக்கு உடனே தகவல் சொல்லியே ஆக வேண்டும்.