நடுவில் இருப்பது நான்

"எனக்கு ஒன்றும் செய்யத் தெரியாது தங்கச்சி." திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கிராமங்களில் பெண்களுடன் வேலை செய்யும்போது நான் அதிகம் கேட்ட வசனம் இது. சொல்பவர், 2006 ஏப்ரலில் சம்பூரிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி, பல இடம் அலைந்து, கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காகக் குடும்பம் நடத்தியவராக இருப்பார். ஆனால் படிவங்களில் 'தொழில்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி எழுதி அதையே நம்பிவிட்டார்.

இப்படியான பெண்களுடன் கண்டெடுத்த பொருட்களைக் கொண்டு உருவம் அமைக்கும் பயிற்சியைச் செய்து வருகிறேன். அறுந்த வலை, மிதப்புக்கட்டை, சிப்பி, ஒற்றைச் செருப்பு, சிரட்டை, ஓட்டுத்துண்டு எதுவும் ஆகும். கடற்கரையிலும் வளவிலும் பொறுக்கி, உங்கள் வாழ்க்கையைச் சொல்லும் விதமாக ஒரு மட்டையில் வையுங்கள் என்பேன். படம் கீறத் தெரியாது என்று எவரும் ஒதுங்கத் தேவையில்லை. எதை எடுப்பது, எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதுதான் வேலை. (மீள்குடியேறிய காணிகளில் இன்னதென்று தெரியாத உலோகப் பொருள் கிடந்தால் தொடவேண்டாம்.)

ஓர் அக்கா கரிபிடித்த சட்டிமூடியை நடுவில் வைத்துச் சுற்றிவர ஏழு சிப்பிகளை அடுக்கினார். அவருடைய கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். "அவர் எங்கே?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். வெறுமையாக விட்ட ஒரு மூலையைக் காட்டினார். "அது அவருக்கு. நடுவில இருக்கிறது நான். ஏழு பேருக்கு நான்தான் சமைச்சுப் போட்டனான்." அதுவரை கணவரையும் பிள்ளைகளையும் பற்றியே பேசிவந்தவர் அவர்.

சில வளவாளர்கள், 'வீசப்பட்ட பொருள் அழகாவதுபோல நீங்களும் மாறுவீர்கள்' என்கிறார்கள். எனக்கு இது பிடிப்பதில்லை. பெண்களைக் குப்பைக்கு ஒப்பிட்டுவிட்டு ஆறுதல் சொல்வது எதற்கு? அந்த அக்கா மூடியை மினுக்கவில்லை. கரியோடுதான் வைத்தார். அத்தனை வருட உழைப்பும் அந்தக் கரியில்தானே இருக்கிறது.

சிலி நாட்டில் 1973இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவியரும் கந்தல் துணிகளைச் சாக்கில் தைத்துப் படங்கள் செய்தார்கள். அவற்றுக்கு 'ஆர்ப்பியேரா' என்று பெயர். சிலர் காணாமல் போனவரின் உடுப்புத் துண்டையே வைத்துத் தைத்தார்கள். தேவாலயத்தின் உதவியோடு அவை வெளிநாடுகளில் விற்கப்பட்டன. வீட்டுச் செலவுக்கும் காசு கிடைத்தது, நடந்ததும் வெளியே தெரிந்தது.

நம் பெண்களும் விற்கலாமா என்று கேட்கிறார்கள். நிலாவெளி, உப்புவெளிக்கு வரும் உல்லாசப் பயணிகள் சிப்பி அலங்காரம் வாங்குவார்கள்தான். ஆனால் வாங்குபவரை நினைத்தவுடன் கரிமூடி போய்விடும், பளபளக்கும் சிப்பி மட்டும் மிஞ்சும். விற்பனைக்கு வேறாகச் செய்யுங்கள், முதலாவது உங்களிடமே இருக்கட்டும் என்பதுதான் என் பதில்.

நாலைந்து பேர் சேர்ந்தால் வளவாளர் இல்லாமலும் இதைச் செய்யலாம். ஒருவர் செய்ததற்கு மற்றவர் விளக்கம் சொல்லக்கூடாது. "சொல்ல விருப்பமா?" என்று மட்டும் கேளுங்கள். விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். அழுகை வந்தால் மறிக்கவேண்டாம். பிறகும் வாரக்கணக்கில் நித்திரையும் சாப்பாடும் இல்லாமல் இருப்பவரை அரச வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தனியே அனுப்பாமல் நீங்களும் கூடவே போங்கள்.