வளையும் ஆடி
யெபுன் தொலைநோக்கி, பரனால் வானாய்வகம், சிலி

விண்மீன் மினுங்குவது கண்ணுக்கு அழகு; தொலைநோக்கிக்குத் தொல்லை. காற்றுமண்டலத்தின் கொந்தளிப்பில் விண்மீனின் ஒளியலை கசங்கிவிடுகிறது. அதை ஆடியின் வடிவத்தை மாற்றியே சரிசெய்யலாம் என்று 1953இல் வானியலாளர் ஹொரேஸ் பாப்காக் எழுதினார். அதற்கேற்ற வேகமுள்ள கணினி அன்று இல்லை.

அந்த எண்ணத்தைச் செயலாக்கும் யெபுனின் இரண்டாம் ஆடி 2016இல் பொருத்தப்பட்டது. விட்டம் 1.1 மீட்டர், தடிமனோ 2 மில்லிமீட்டர்தான்! பின்புறம் ஒட்டிய காந்தங்களை 1,170 மின்சுருள்கள் தள்ளியும் இழுத்தும் ஆடியை வளைக்கின்றன. பிரகாசமான வழிகாட்டி விண்மீன் அருகில் இல்லாதபோது, நான்கு லேசர் கதிர்கள் சுமார் 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள சோடியம் அணுக்களை ஒளிரவைத்துச் செயற்கை விண்மீன்களை உண்டாக்குகின்றன. உணரி அலையை அளக்க, கணினி திருத்தத்தைக் கணக்கிட, ஆடி வளைகிறது: நொடிக்குச் சுமார் 1,000 முறை.

மிகக் கடினமானது இந்தக் கட்டுப்பாடுதான். அளந்து முடிப்பதற்குள் காற்று மாறிவிடும். பிழை முழுவதையும் ஒரே மூச்சில் திருத்த முயன்றால் ஆடி நிலைகொள்ளாமல் அலைபாயும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கு மட்டுமே திருத்தப்படுகிறது.

2018இல் இத்தொலைநோக்கி எடுத்த நெப்டியூன் படம், விண்வெளியிலிருந்து ஹபிள் எடுத்த படத்தைக் கூர்மையில் விஞ்சியது.