ஆள் இல்லாத நேரத்தில் வந்த வெற்றி

1969-ம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்க வானொலிகளில் ‘டைம் ஆஃப் தி சீசன்’ ஓயாமல் ஒலிக்கிறது. பில்போர்டு பட்டியலில் 3-ம் இடம். மேடையேறிப் பாடத்தான் ஆள் இல்லை. அதைப் பதிவுசெய்த ‘தி ஸாம்பீஸ்’ குழு 1967 இறுதியிலேயே கலைந்துவிட்டது. பாடகர் காலின் பிளன்ஸ்டோன் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலைக்குப் போய்விட்டார்.

லண்டனுக்கு வடக்கே இருக்கும் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரின் இளைஞர்கள் இவர்கள். உள்ளூர் பீட் இசைப் போட்டியில் வென்று டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்குள் நுழைந்தார்கள். 1964-ல் முதல் தட்டு, ‘ஷீஸ் நாட் தேர்’. மற்ற பீட் குழுக்கள் கிட்டாரை நம்பியபோது, இவர்கள் ராட் ஆர்ஜென்டின் எலெக்ட்ரிக் பியானோவை நடுநாயகமாக்கினார்கள். அதில் ஜாஸ் வாடை இருந்தது. காதோரம் மூச்சுவிடுவது போன்ற பிளன்ஸ்டோனின் குரலும் இருந்தது. பிரிட்டனில் 12-ம் இடம், அமெரிக்காவில் 2. அடுத்த ஆண்டு ‘டெல் ஹர் நோ’வும் அமெரிக்காவில் ஓடியது. பிறகு வந்தவை வரிசையாகப் படுத்துவிட்டன.

அதைவிடப் பெரிய சிக்கல் பணம். குழுவில் பாட்டெழுதிய ஆர்ஜென்டுக்கும் கிறிஸ் வைட்டுக்கும் உரிமத்தொகை வந்தது. மற்ற மூவருக்கும் கச்சேரிக் கூலிதான் கதி. 1967-ல் மணிலாவில் மாபெரும் கூட்டம் திரண்டபோதும் அவர்கள் கைக்கு வந்தது சொற்பம்.

கடைசியாக ஒரு ஆல்பத்தையாவது நம் இஷ்டப்படி செய்வோம் என்று சிபிஎஸ் நிறுவனத்திடம் 1,000 பவுண்டு வாங்கிக்கொண்டு அபே ரோடு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். பீட்டில்ஸ் ‘சார்ஜென்ட் பெப்பர்’ வேலையை முடித்திருந்த சமயம். ஜான் லெனன் விட்டுப்போன மெலோட்ரான் என்ற விசைப்பலகைக் கருவியை ஆர்ஜென்ட் எடுத்துக்கொண்டார். பணம் கரைந்துவிடும் என்பதால் பாடல்களை வெளியிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வருவார்கள். ‘டைம் ஆஃப் தி சீசன்’ பதிவின்போது ஆர்ஜென்டுக்கும் பிளன்ஸ்டோனுக்கும் வாய்த்தகராறே வந்தது. ஸ்டீரியோ கலவைக்குக் காசு போதாமல் ஆர்ஜென்டும் வைட்டும் சொந்தப் பணத்தைப் போட்டார்கள். இப்படிப் பிறந்த ‘ஒடெஸி அண்ட் ஆரக்கிள்’ 1968-ல் வந்தது. பிரிட்டனில் யாரும் சீந்தவில்லை. சிறையிலிருந்து திரும்பப்போகும் காதலிக்கு எழுதும் கடிதத்தை இத்தனை குதூகலமாகப் பாடிய அதன் ‘கேர் ஆஃப் செல் 44’ பாட்டு எப்படித் தோற்றது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

லண்டனில் அந்த ஆல்பத்தை வாங்கிக் கேட்ட அமெரிக்க இசைக்கலைஞர் அல் கூப்பர், கொலம்பியா நிறுவனத்தை விடாமல் நச்சரித்து வெளியிடச் செய்தார். ‘டைம் ஆஃப் தி சீசன்’ ஹிட்டானதும் அமெரிக்காவில் போலி ஸாம்பீஸ்கள் கிளம்பினார்கள். டெக்சாஸிலிருந்து போன ஒரு போலிக் குழுவில் இருந்த டஸ்டி ஹில், ஃபிராங்க் பியர்ட் இருவரும் பின்னாளில் ‘இசட்இசட் டாப்’ ராக் குழுவில் உலகப் புகழ் பெற்றார்கள் என்பது தனி வேடிக்கை. அசல் ஆட்களோ மீண்டும் சேர மறுத்துவிட்டார்கள். ஆர்ஜென்ட் தன் பெயரிலேயே புதுக்குழு தொடங்கியிருந்தார்.

அவர்கள் மீண்டும் சேர்ந்து ‘ஒடெஸி அண்ட் ஆரக்கிள்’ ஆல்பத்தை முழுதாக மேடையேற்ற 2008 வரை ஆனது. 2019-ல் ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ அவர்களைச் சேர்த்துக்கொண்டது. கிட்டார் கலைஞர் பால் அட்கின்சன் அதற்கு 15 ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார். அண்மை ஆண்டுகளில் தங்கள் பழைய பதிவுகளின் உரிமையையும் குழு மீட்டிருக்கிறது.