அடுத்த நாட்டில் பேரிடர்… பணக்கார நாடுகள் கொடுப்பது எவ்வளவு, தெரியுமா?

1845. அயர்லாந்தில் உருளைக்கிழங்குச் செடியில் கருகல் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பட்டினியும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போனது சுமார் 10 லட்சம் பேரை! இன்னும் 10 லட்சத்துக்கும் மேல் ஊரை விட்டுக் கப்பலேறினார்கள். அவர்களை ஆண்டுகொண்டிருந்தது யார்? அன்றைய உலகின் பெரும் பணக்கார நாடான பிரிட்டன். அப்படியிருக்க, வெளியிலிருந்து நன்கொடை திரட்ட முந்திக்கொண்ட ஊர்களில் ஒன்று எது தெரியுமா? நம்ம கல்கத்தா! அங்கிருந்து போன தொகை சுமார் 14,000 பவுண்டு. விக்டோரியா ராணி தன் கைப்பணத்திலிருந்து கொடுத்தது 2,000 பவுண்டு.

இதற்கே வாயைப் பிளந்தால் எப்படி? 1847-ல் அமெரிக்காவின் சாக்டா பழங்குடியினர் கூடி உட்கார்ந்து, தங்களுக்குள் வசூல் செய்து 170 டாலரை அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். யார் இந்தச் சாக்டா மக்கள்? 1831 தொடங்கி மிசிசிப்பியில் இருந்த சொந்த மண்ணிலிருந்து அமெரிக்க அரசு கிளப்பிவிட்டவர்கள். குளிரிலும் பசியிலும் பல நூறு மைல் நடந்து, வழிநெடுகப் பெற்றோரையும் பிள்ளைகளையும் புதைத்துக்கொண்டே ஓக்லஹோமா வந்து சேர்ந்தவர்கள். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் பார்த்தேயிராத ஒரு நாடு பசியில் சாகிறது என்று கேட்டதும் பைக்குள் கைவிட்டார்கள். அயர்லாந்து அதை மறக்கவில்லை. கார்க் மாவட்டத்தின் மிடில்டன் ஊரில் ஆறு மீட்டர் உயரத்துக்கு ஒன்பது எஃகு இறகுகள் வட்டமாக நிற்கின்றன, சாக்டாக்களுக்காக! 2017-ல் முறைப்படி திறந்தார்கள். 2020-ல் கொரோனா அமெரிக்காவின் நவஹோ, ஹோப்பி பழங்குடிகளைப் போட்டுப் புரட்டியபோது, ஐரிஷ்காரர்கள் ஆயிரக்கணக்கில் இணையத்தில் பணம் போட்டார்கள். வாங்கிய கடன் சாக்டாவிடம், கட்டியது நவஹோவிடம். 173 வருஷக் கடன்!

“நம்ம வரிப்பணத்தை எவனுக்கோ எதுக்குக் கொடுக்கணும்?” என்ற கேள்வி புதிது என்று நினைக்கிறீர்களா? அரசாங்கங்கள் இதற்குப் பதில் சொல்லத் தொடங்கி 270 வருஷம் ஆகிறது. 1755-ல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்தபோது பிரிட்டன் நாடாளுமன்றம் ஒதுக்கியது ஒரு லட்சம் பவுண்டு. 1812-ல் வெனிசுவேலாவின் கராகஸ் இடிந்து விழுந்தபோது அமெரிக்கக் காங்கிரஸ் 50,000 டாலருக்கு உணவு வாங்கிக் கப்பலில் அனுப்பியது. அப்போது அமெரிக்கா பிறந்து 36 வயதுகூட நிரம்பவில்லை!

சரி, இன்றைய அமெரிக்கர்களிடம் “உங்கள் மத்திய பட்ஜெட்டில் வெளிநாட்டு உதவிக்கு எவ்வளவு போகிறது?” என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? கருத்துக்கணிப்புகளில் சராசரிப் பதில் நூற்றுக்கு 25-ஐ ஒட்டி வரும். உண்மையில் பல்லாண்டுகளாகப் போய்வந்ததோ, ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று! அந்த ஒன்றிலும் பேரிடர் நிவாரணம் ஒரு துண்டுதான். சண்டை முழுக்க இல்லாத பணத்தைப் பற்றி.

1971. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் லட்சம் லட்சமாக இந்தியாவுக்குள் வருகிறார்கள். பீட்டர் சிங்கர் என்ற இளம் தத்துவ ஆசிரியர் ஆக்ஸ்போர்டில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். பிரிட்டன் அகதிகளுக்குக் கொடுத்தது சுமார் 1.5 கோடி பவுண்டு. அதே பிரிட்டன் கன்கார்டு விமானத் திட்டத்தில் திரும்ப வராது என்று தெரிந்தே கொட்டியது 27.5 கோடி பவுண்டுக்கு மேல்! அவருடைய சொந்த நாடான ஆஸ்திரேலியா கொடுத்ததோ சிட்னி ஓபரா மாளிகைக்கு ஆன செலவில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. 1972-ல் அவர் எழுதிய அந்தக் கட்டுரையை இன்றைக்கும் தத்துவ வகுப்புகளில் படிக்கிறார்கள். கன்கார்டு மியூசியத்தில் நிற்கிறது.

உங்கள் ஊரில் வெள்ளம் வந்து உலகம் உதவ வேண்டுமென்றால், ஒலிம்பிக் நடக்கும் சமயத்தில் வந்துவிடக் கூடாது, தெரியுமா? விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஐசென்சே, ஸ்ட்ரோம்பெர்க் என்ற இரு ஸ்வீடன் பொருளியலாளர்கள் 1968 முதல் 2002 வரை நடந்த சுமார் 5,000 பேரிடர்களை எடுத்து, அமெரிக்கா எதற்கு உதவியது, எதை விட்டது என்று அலசினார்கள். ஒலிம்பிக் நேரத்தில் நடந்த பேரிடர் அமெரிக்கச் செய்தியில் இடம்பிடிக்கும் வாய்ப்பு குறைந்தது. செய்தியில் வராததற்கு உதவியும் குறைந்தது. இன்னொன்று இதைவிடக் கொடுமை. எரிமலையில் ஒருவர் செத்தால் கிடைக்கும் செய்தி இடம், பஞ்சத்துக்குக் கிடைக்க ஏறத்தாழ 40,000 பேர் சாக வேண்டும்! எரிமலை டிவியில் அழகாக எரிகிறது. பசி அப்படி எரிவதில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியை யாரும் மறந்திருக்க மாட்டோம். மறுநாளே ஐ.நா. நிவாரண ஒருங்கிணைப்பாளர் யான் எகலாண்ட், பணக்கார நாடுகள் கஞ்சத்தனம் காட்டுகின்றன என்ற தொனியில் ஒரு வார்த்தை விட்டார். அமெரிக்கா முதலில் அறிவித்திருந்தது 1.5 கோடி டாலர். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஆண்டு முடிவதற்குள் அது 35 கோடி டாலர் ஆனது! இந்தியாவோ, தன் கரையே சிதைந்து கிடந்தும் வெளிநாட்டு அரசுகளின் உதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கடற்படைக் கப்பல்களை அனுப்பியது.

அந்தச் சுனாமிக்கு வந்த நிதியைப் பின்னர் ஆராய்ந்த பன்னாட்டுக் குழு ஒரு கணக்குச் சொன்னது. பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் சராசரியாக 7,100 டாலர். அதே 2004-ல் வங்கதேச வெள்ளத்தில் சிக்கியவருக்கு? 3 டாலர்! எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, சுனாமிக்குப் பணம் போதும், இனி அனுப்ப வேண்டாம் என்று ஒரே வாரத்தில் நன்கொடையை நிறுத்தியதும் நடந்தது.

பணம் வந்தாலாவது பரவாயில்லை, மூட்டை வந்தால்? 1988 டிசம்பர், ஆர்மீனியா நிலநடுக்கம். உலகம் கண்ணீர்விட்டு அனுப்பிய மருந்து 5,000 டன். பெட்டியைப் பிரித்தால் லேபிள்கள் 21 மொழிகளில்! எது வலி மாத்திரை, எது வயிற்றுப்போக்கு மருந்து என்று யாருக்குத் தெரியும்? 50 பேர் ஆறு மாதம் உட்கார்ந்து பிரித்தார்கள். உடனே பயன்பட்டது நூற்றுக்கு 30 பங்கு மட்டுமே. நாள் கடந்தது, கெட்டுப்போனது, உதவாதது என்று ஐந்தில் ஒரு பங்கை அழிக்க வேண்டியதாயிற்று. மருந்து அனுப்பியவர்களுக்கு மனநிறைவு. குப்பை அள்ளும் செலவு ஆர்மீனியாவுக்கு.

நாகப்பட்டினத்துக்காரர்களைக் கேட்டால் இதன் உள்ளூர்ப் பதிப்பைச் சொல்வார்கள். சுனாமிக்குப் பிறகு லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கிழிந்த சட்டை, சாயம் போன சேலை எல்லாம் ரோட்டோரமாகக் குவிந்து கிடந்தன. எடுக்க ஆளில்லை. நேற்றுவரை படகும் வலையும் வைத்துப் பிழைத்த மீனவர்கள், அடுத்தவர் உடுத்திக் கழித்ததை ஏன் தொடுவார்கள்?

வாங்கும் இடத்தில் பணக்கார நாடே நின்றால் என்ன ஆகும் என்று பார்க்கவும் ஒரு வாய்ப்பு வந்தது. 2005-ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்சை மூழ்கடித்தது. இந்தியா 50 லட்சம் டாலர். வங்கதேசம் 10 லட்சம். எட்டு மாதம் முன்புதான் சுனாமியில் அடிபட்டிருந்த இலங்கைகூட 25,000 டாலர்! நட்பு நாடுகள் தருவதாகச் சொன்னது மொத்தம் 85.4 கோடி டாலர். ஈராண்டு கழித்துப் பார்த்தால் அதில் பயன்பட்டிருந்தது சுமார் 4 கோடி. பிரிட்டன் அனுப்பிய உணவுப் பொட்டலங்களில் மாட்டிறைச்சி இருக்கிறது, பைத்தியமாட்டு நோய்த் தடை இருக்கிறது என்று ஆர்கன்சா கிடங்கில் பூட்டி வைத்தார்கள். வாங்கத் தெரியாமல் தவிப்பது ஏழை நாடுகள் மட்டும்தான் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கொடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி அந்நாட்டு உணவு உதவியில் குறைந்தது பாதியாவது அமெரிக்கக் கொடி கட்டிய கப்பலில்தான் போக வேண்டும்! வாடகை அதிகம், நாளும் அதிகம். பக்கத்து நாட்டுச் சந்தையிலேயே தானியம் கிடைத்தாலும் பெரும்பாலும் கடல் தாண்டித்தான் வரும். 1960-களில் ரேஷன் கடையில் அமெரிக்கா அனுப்பிய பி.எல். 480 கோதுமைக்கு வரிசையில் நின்ற நம் பெரியவர்களுக்கு இந்தக் கப்பல் வழியெல்லாம் அத்துப்படி.

ஹெய்த்தி நிலநடுக்கம், 2010. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டியது 50 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. 2015-ல் வெளியான பத்திரிகைப் புலனாய்வு, கட்டி முடித்த நிரந்தர வீடுகள் ஆறு என்றது. தற்காலிக வீடுகள், பழுதுபார்ப்பு, வாடகை உதவி எல்லாம் கணக்கில் உண்டு என்பது சங்கத்தின் பதில். ஐ.நா. அமைதிப்படை முகாமிலிருந்து கிளம்பிய காலரா 10,000 பேர்வரை கொன்றது. 2016-ல் அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார். இன்னும் கேளுங்கள். அடிமைகளாக இருந்த ஹெய்த்தி மக்கள் போராடி விடுதலை பெற்றதற்கு, 1825-ல் பிரான்ஸ் அவர்களிடம் கேட்ட இழப்பீடு 15 கோடி பிராங்க்! அடிமைப்பட்டவன் எஜமானுக்கு நஷ்டஈடு கட்டினான், தலைமுறை தலைமுறையாக. ஹெய்த்திக்குப் போகும் பணத்தைத் தானம் என்று எழுத எனக்குப் பேனா வரவில்லை.

மறுபடி 2004-க்கு வருவோம். அந்த ஒரே சுனாமி இரண்டு போர்களை இரண்டு விதமாகத் தொட்டது தெரியுமா? அச்சேயில் 2005 ஆகஸ்டில் இந்தோனேசிய அரசும் கிளர்ச்சியாளர்களும் ஹெல்சிங்கியில் அமைதி ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கையில் அரசும் புலிகளும் சேர்ந்து நிவாரணத்தைப் பங்கிடும் பொதுக்கட்டமைப்பு அதே ஆண்டு ஜூனில் கையெழுத்தானது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை போட்டது. பிறகு நடந்தது நமக்குத் தெரியும்.

அப்படியானால் கொடுப்பதே வீணா? இல்லவே இல்லை! 1970-ல் போலா புயல் இன்றைய வங்கதேசத்தில் கொன்றது குறைந்தது 3 லட்சம் பேரை. பிறகு வெளிநாட்டு உதவியும் அந்நாட்டு உழைப்பும் சேர்ந்து புயல் காப்பிடங்கள் எழுந்தன; ஊர் ஊராகத் தொண்டர்கள் மெகாபோனோடு எச்சரிக்கை சொல்லக் கிளம்பினார்கள். 2020-ல் ஆம்பன் சூறைப்புயல் அடித்தபோது வங்கதேசத்தில் உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. அதே ஆண்டு ஜூலையில் ஒரு புதுமை. பெருவெள்ளம் வரப்போகிறது என்று முன்கணிப்பு சொன்னதும், வெள்ளம் உச்சம் தொடுமுன்பே ஐ.நா. அவசர நிதியிலிருந்து 52 லட்சம் டாலர் விடுவித்தார்கள். ஒரு வீட்டுக்கு 4,500 டாக்கா, நேரே செல்போனுக்கு! அரிசி வாங்குவதோ, ஆடுமாட்டை மேட்டுக்கு ஓட்டுவதோ அவரவர் முடிவு. பின்னர் ஆய்வு செய்தபோது, பணம் வந்த வீடுகளில் ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடக்கும் வாய்ப்பு 36 விழுக்காடு குறைந்திருந்தது.

பணக்கார நாடுகள் கொடுக்கத்தான் வேண்டும்; பணமாக, முன்கூட்டியே, கப்பல் கம்பெனிக்குப் பங்கு வைக்காமல். அவர்களிடம் கேட்கப்படுவதும் அப்படியொன்றும் பெரிய தொகை இல்லை. நாட்டு வருமானத்தில் நூறு ரூபாய்க்கு 70 பைசா என்று 1970-ல் ஐ.நா. பொதுச்சபை இலக்கு வைத்தது, பேரிடர் உதவி உட்பட எல்லா வளர்ச்சி உதவிக்கும் சேர்த்து. 2023-ல் அதைத் தொட்டவை நார்வே, லக்சம்பர்க், ஸ்வீடன், ஜெர்மனி, டென்மார்க், அவ்வளவுதான். உலகின் மிகப் பெரிய பொருளாதாரமான அமெரிக்கா அந்த ஆண்டு கொடுத்தது, நூறு ரூபாய்க்கு 24 பைசா.