பத்துப் பேர் சேராத ஆட்டம்

2024 செப்டம்பர் முதல் வாரம். 'கான்கார்ட்' என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமில் ஆட்டக்காரர்கள் எதிரியைச் சுடுவதை விட்டுவிட்டு, மேப்பின் விளிம்பிலிருந்து குதித்துக் குதித்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் சில நாளில் சர்வரை நிறுத்தப் போகிறார்கள். அதற்குள் அந்த கேமில் உள்ள எல்லாக் கோப்பைகளையும் வென்றவர்கள் என்று பெயர் வாங்கிவிட வேண்டும். தோற்றாலும் புள்ளி உண்டு, ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம். எனவே சாவதுதான் குறுக்குவழி.

சோனி நிறுவனம் அந்த கேமை வெளியிட்டது ஆகஸ்ட் 23 அன்று. பிளேஸ்டேஷன் 5, கணினி இரண்டுக்கும் விலை 40 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 3,300 ரூபாய். செப்டம்பர் 3 அன்று அதன் இயக்குநர் ரயன் எல்லிஸ் மூடுவிழா அறிவிப்பை எழுதினார். செப்டம்பர் 6 அன்று சர்வர் நின்றது. வாங்கிய எல்லோருக்கும் முழுப் பணமும் திருப்பித் தரப்பட்டது. அக்டோபர் 29 அன்று, அதை உருவாக்கிய ஃபயர்வாக் ஸ்டூடியோவையே மூடுவதாக சோனி சொன்னது. செலவுக் கணக்கை சோனி வெளியிடவில்லை. தொடக்க ஒப்பந்தமே 20 கோடி டாலருக்குச் சற்று மேல் என்றும், ஸ்டூடியோவை வாங்கிய விலை அதில் சேராது என்றும் 'கொடாக்கு' என்ற கேமிங் செய்தித் தளம் எழுதியது. ரூபாயில் ஏறத்தாழ 1,700 கோடி.

ஓடாத திரைப்படமும் டிவியிலோ ஓடிடியிலோ எங்கோ உயிரோடு இருக்கும். இந்த கேம் அப்படி இல்லை. டிஸ்க் கையில் இருந்தாலும் ஆட முடியாது. ஏன் என்று புரிய, 'லைவ் சர்வீஸ்' என்ற வியாபார முறையைப் பார்க்க வேண்டும்.

பப்ஜி, ஃப்ரீ ஃபயர் ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது தெரிந்த கதைதான். ஆட்டம் நடப்பது நம் ஃபோனில் போலத் தெரிந்தாலும், அதை நடத்துவது நிறுவனத்தின் சர்வர். சில வாரங்களுக்கு ஒருமுறை புது மேப், புதுக் கதாபாத்திரம், புது உடை என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் ஆட்டம் இலவசம். வருமானம் 'ஸ்கின்' எனப்படும் அலங்காரங்களிலும், மாதாமாதம் வாங்கச் சொல்லும் 'பேட்டில் பாஸ்'களிலும் இருக்கிறது. டிஸ்க் விற்றால் ஒருமுறைதான் பணம். இதில் ஒரே ஆட்டக்காரர் ஐந்து வருடம் கழித்தும் பணம் தருவார். ஆப்பிளுக்கு எதிரான வழக்கில் வெளியான ஆவணங்களின்படி, எபிக் நிறுவனம் 'ஃபோர்ட்நைட்' என்ற இதே வகை விளையாட்டின் மூலம் 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் 900 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அந்த எண்ணைப் பார்த்த எந்த நிறுவனத் தலைமைக்கும் தூக்கம் வராது.

சோனிக்கும் வரவில்லை. 'காட் ஆஃப் வார்', 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' போன்று தனியாக ஆடும் கதை விளையாட்டுகளில் பெயர் வாங்கிய நிறுவனம் அது. 2022 தொடக்கத்தில் 'டெஸ்டினி' தொடரை உருவாக்கிய பங்கி ஸ்டூடியோவை 360 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2026 மார்ச்சுக்குள் பத்துக்கும் மேற்பட்ட லைவ் சர்வீஸ் விளையாட்டுகள் வரும் என்று பிளேஸ்டேஷன் பிரிவின் அப்போதைய தலைவர் ஜிம் ரயன் முதலீட்டாளர்களிடம் சொன்னார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2018-இல் தொடங்கப்பட்ட ஃபயர்வாக்கை 2023 ஏப்ரலில் வாங்கியது இந்த அவசரத்தில்தான். அங்கிருந்தவர்கள் கத்துக்குட்டிகள் அல்ல. எல்லிஸ் உட்படப் பலர் பங்கியில் வேலை பார்த்தவர்கள். துப்பாக்கி சுடும் உணர்வு கைக்கு எப்படி வர வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அந்த விஷயத்தில் கான்கார்டை விமர்சகர்களும் பெரிதாகக் குறை சொல்லவில்லை.

கான்கார்ட் 'ஹீரோ ஷூட்டர்' வகை. ஒரு பக்கம் ஐந்து பேர், மறுபக்கம் ஐந்து பேர். தேர்ந்தெடுக்க 16 கதாபாத்திரங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு தனித்திறன். அதாவது ஒரு ஆட்டம் தொடங்க, ஒரே நேரத்தில் பத்துப் பேர் வேண்டும்.

இங்கேதான் கணக்கு குப்புற விழுந்தது. கணினிக்கான ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் ஆடுவோர் எண்ணிக்கையை யாரும் பார்க்கலாம். கான்கார்ட் அங்கே தொட்ட உச்சம் 697. அதே வாரத்தில் வெளியான சீனாவின் 'பிளாக் மித்: வூகாங்' 24 லட்சத்தைத் தாண்டியது. பிளேஸ்டேஷன்காரர்களும் இதே ஆட்டத்தில் சேரலாம் என்பதால் கான்கார்டின் கூட்டம் 697-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும். இரண்டு தளங்களிலும் சேர்த்து சுமார் 25,000 பிரதிகள் விற்றிருக்கலாம் என்று சந்தை ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

25,000 பேர் வாங்கிய கதை விளையாட்டை அந்த 25,000 பேரும் நிம்மதியாக ஆடி முடிப்பார்கள். பத்துப் பேர் தேவைப்படும் ஆட்டத்தில் அது நடக்காது. பிரேசிலில் இருப்பவரையும் சிங்கப்பூரில் இருப்பவரையும் ஒரே ஆட்டத்தில் சேர்த்தால் 'லேக்' ஆகும், அதாவது ஆட்டம் தாமதித்துத் தடுமாறும். நேற்று வந்தவரைத் தேர்ந்தவரோடு மோதவிட்டால் அவர் நாளை வர மாட்டார். இப்படிக் கண்டம், நேரம், திறமை, ஆட்ட முறை என்று பிரிக்கப் பிரிக்க, ஒவ்வொரு வரிசையிலும் மிஞ்சுபவர்கள் சொற்பம். காத்திருப்பு நீள்கிறது, காத்திருந்து சலித்தவர் வெளியேறுகிறார், அதனால் மற்றவரின் காத்திருப்பு இன்னும் நீள்கிறது. ஆள் குறைவதே ஆள் குறைவதற்குக் காரணமாகிவிடும். இந்தச் சுழலில் சிக்கிய ஆட்டத்தை அடுத்த மாத அப்டேட் காப்பாற்றுவது மிக அரிது.

சரி, ஆட்கள் ஏன் வரவில்லை? உடனே சொல்லப்படும் பதில் விலை. போட்டி விளையாட்டுகள் எல்லாம் இலவசம், இதற்கு மட்டும் 40 டாலர், போதாததற்கு பிளேஸ்டேஷனில் ஆட மாதச் சந்தாவும் கட்ட வேண்டும். உண்மைதான், ஆனால் இது பாதி உண்மை. அதே 2024 பிப்ரவரியில் இதே சோனி, இதே 40 டாலருக்கு, 'ஹெல்டைவர்ஸ் 2' என்ற லைவ் சர்வீஸ் கேமை வெளியிட்டது. அது 12 வாரத்தில் 1.2 கோடி பிரதிகள் விற்றது. தவிர, ஜூலையில் கான்கார்டின் 'பீட்டா' எனப்படும் சோதனைப் பதிப்பை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டபோதும் ஸ்டீமில் உச்சம் 2,388 பேர்தான். காசே வாங்காதபோது வராதவர்களை விலை விரட்டியது என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு பதில் இணையத்தில் பெருங்கூச்சலாக ஒலித்தது. கதாபாத்திரங்களின் நிறம், உடல்வாகு, பாலினம் பற்றிய 'அரசியல் சரி'தான் விளையாட்டைக் கொன்றது என்றார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பலதரப்பட்ட கதாபாத்திரங்களை வைத்தே ஓவர்வாட்ச், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் போன்ற போட்டி விளையாட்டுகள் கோடிக்கணக்கானோரைச் சேர்த்தன. ஆனால் வடிவமைப்பு மந்தமாக இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஹீரோ ஷூட்டரில் ஒருவரைப் பார்த்த கணமே இவர் என்ன செய்வார் என்று தெரிய வேண்டும், இவராக ஆட வேண்டும் என்ற ஆசையும் வர வேண்டும். கான்கார்டின் 16 பேரும் வெளிறிய வண்ணங்களில், ஏதோ விண்வெளிப் படத்தின் துணை நடிகர்கள் போல வந்து நின்றார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் காலம். ஃபயர்வாக் தொடங்கிய 2018-இல், 2016-இல் வெளிவந்த ஓவர்வாட்ச் கொடிகட்டிப் பறந்தது. கணினியில் அதன் விலையும் 40 டாலர்தான். அன்றைய சந்தைக்கு கான்கார்ட் சரியான பதில். ஆனால் 2019-இல் ஏபெக்ஸ், 2020-இல் வேலரண்ட் இலவசமாக வந்தன. 2022-இல் ஓவர்வாட்சே இலவசமானது. 2024-க்குள் இந்த வகையை விரும்பும் எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு ஆட்டம் இருந்தது. அதில் அவர்கள் செலவழித்த வருடங்களும், காசு கொடுத்துச் சேர்த்த ஸ்கின்களும், கூட ஆடும் நண்பர்களும் இருந்தார்கள். புதிய ஆட்டம் கேட்பது அவர்களுடைய 40 டாலரை அல்ல, அவர்களுடைய மாலை நேரத்தை. ஹெல்டைவர்ஸ் 2 எல்லோரும் சேர்ந்து பூச்சிகளையும் இயந்திரங்களையும் அடிக்கும் கூட்டாட்டம். அதற்கு ஈடாக வேறொன்று அவர்கள் கையில் இல்லை. கான்கார்டுக்கு ஈடாக நான்கைந்து இருந்தன. 2024 டிசம்பரில் சீனாவின் நெட்ஈஸ் நிறுவனம் 'மார்வெல் ரைவல்ஸ்' ஹீரோ ஷூட்டரை இலவசமாக விட்டது. மூன்றே நாளில் ஒரு கோடிப் பேர் வந்தார்கள். ஸ்பைடர்மேனையும் அயர்ன்மேனையும் யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

கான்கார்டின் முழு ஆட்டமும் ரசிகர்களுக்குக் காட்டப்பட்டது 2024 மே இறுதியில்தான், வெளியீட்டுக்கு மூன்று மாதம் முன்பு. அதுவரை ஆறு வருடம் உள்ளேயே வளர்ந்தது. நடுவில் யாராவது நிறுத்தியிருக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. 2024 நவம்பரில் நிதிநிலை விளக்கக் கூட்டத்தில் சோனி தலைவர் ஹிரோகி டொடோகியும் ஏறக்குறைய அதையேதான் ஒப்புக்கொண்டார். பயனர் சோதனை, உள்மதிப்பீடு போன்ற கட்டங்களை இன்னும் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும் என்றார். பெரிய நிறுவனங்களில் இது எளிதல்ல. முதல் 5 கோடி டாலர் போன பின் நிறுத்தினால் 5 கோடி நஷ்டம் என்று கணக்கில் ஏறும், நிறுத்தியவர் பெயரும் கூடவே ஏறும். வெளியிட்டால் ஒருவேளை ஓடிவிடலாம்.

நிறுத்துவதை சோனி மெல்லத்தான் கற்றுக்கொண்டது. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' ஆன்லைன் விளையாட்டை 2023 இறுதியிலேயே கைவிட்டிருந்தது. 2025 ஜனவரியில் பெண்ட், புளூபாயிண்ட் ஸ்டூடியோக்களில் உருவாகிவந்த இரண்டு லைவ் சர்வீஸ் விளையாட்டுகளையும் ரத்து செய்தது. ஃபயர்வாக்கின் நூற்றுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இந்த ஞானோதயம் உதவவில்லை.

கான்கார்ட் முழுவதுமாக மறையவும் இல்லை. மூடிய பிறகு, 2024 டிசம்பரில் அமேசானில் வந்த 'சீக்ரெட் லெவல்' அனிமேஷன் தொடரில் அதற்கென ஒரு அத்தியாயம் ஒளிபரப்பானது. வெளியீட்டை முன்னிட்டுத் தயாரானது, அப்படியே போட்டுவிட்டார்கள். 2025 நவம்பரில் சில ரசிகர்கள் சொந்தமாக சர்வர் எழுதி ஆட்டத்தை மறுபடி ஓடவைத்து, அதன் வீடியோக்களை யூடியூபில் ஏற்றினார்கள். சில நாட்களில் சோனி சார்பில் காப்புரிமை நோட்டீஸ் வந்தது, வீடியோக்கள் நீக்கப்பட்டன. புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்று அந்தக் குழு அறிவித்தது.