மின்வழி மாறும் நீர்மவில்லைகளில் குவியக் கட்டுப்பாடு: இளம்பிள்ளைச் சேலை ஆய்வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மின்னழுத்தத்தாலோ மின்னோட்டத்தாலோ தன் வளைவை மாற்றிக்கொள்ளும் நீர்மவில்லை, தான் முன்பின் நகராமலே குவியத்தை மாற்றவல்லது. எனினும், ஒரே மின்குறிப்பு எப்போதும் ஒரே குவியத்தைத் தருவதில்லை. வெப்பநிலை, தயக்கம், நீர்மத்தின் அலைவு ஆகியவை அவ்வுறவைக் குலைக்கின்றன. இவற்றைக் கட்டுப்படுத்தும் முறைகளை, இளம்பிள்ளையில் நெய்யப்படும் சேலையைக் கேமராவால் ஆய்தல் என்னும் எடுத்துக்காட்டின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. துணி நகரும் வேகமே கட்டுப்பாட்டு முறையைத் தீர்மானிக்கிறது என்பதை இது நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: நீர்மவில்லை, குவியத் தொலைவு, மின்நனைப்பு, தொடுகோணம், பின்னூட்டம், இளம்பிள்ளை, விசைத்தறி.

முன்னுரை

சேலம் மாவட்டத்தில் கஞ்சமலைக்கு அருகில் அமைந்துள்ள இளம்பிள்ளை, சேலை நெசவால் அறியப்படும் ஊர். தறியில் ஒரு பாவு இழை அறுந்து, அது உடனே கவனிக்கப்படாவிடின், குறை சேலையின் நீளவாக்கில் தொடர்ந்து செல்லும். ஐந்தரை மீட்டர் நெய்து முடித்தபின் அதனைக் கண்டறிவதால் பயனில்லை; அச்சேலை விலை குறைத்தே விற்கப்படும். இழையை உற்று நோக்கும் பணியை இன்றளவும் பெரிதும் கண்ணே செய்கிறது.

கண்ணின் வில்லையும் வடிவம் மாறிக் குவியும் வில்லையே. இளமையில் அது ஏறத்தாழ 10 டையாப்டர் அளவுக்குத் தன் திறனை மாற்றிக்கொள்ளும். வயது ஐம்பதை நெருங்குகையில் அவ்வாற்றல் ஓரிரு டையாப்டராகச் சுருங்கிவிடுகிறது. அனுபவம் முதிரும் காலத்திலேயே நெசவாளருக்கு அருகிலுள்ள இழை மங்கத் தொடங்குகிறது. வடிவம் மாறும் வில்லையைக் கேமராவில் அமைக்கும் முயற்சி இவ்விடத்தில் பொருள் பெறுகிறது.

நீர்மவில்லை இயங்கும் முறை

மின்னழுத்தம் நீர்மத்தின் பரப்பு இழுவிசையை மாற்றுவதை 1875இல் காபிரியேல் லிப்மன் விளக்கினார். நீர்மத்திற்கும் மின்முனைக்கும் இடையே மெல்லிய மின்காப்புப் படலத்தை அமைக்கும் முறையை 1993இல் புருனோ பெர்ழே வெளியிட்டார். இதுவே மின்நனைப்பு வில்லைக்கு வழிவகுத்தது.

இவ்வகை வில்லையில், ஒன்றோடொன்று கலவாத எண்ணெயும் உப்புநீரும் ஒரு சிறு கலத்தில் அடைக்கப்படுகின்றன. மின்னழுத்தம் உயரும்போது உப்புநீர் காப்பிடப்பட்ட சுவரில் மேலும் பரவுகிறது. அதன் தொடுகோணம் குறைகிறது. எண்ணெய் நடுவில் புடைக்கிறது. இரு நீர்மங்களின் எல்லைப் பரப்பே வில்லையாகிறது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.49, உப்புநீரின் எண் 1.38 எனக் கொண்டால் வேறுபாடு 0.11. எல்லைப் பரப்பின் வளைவு ஆரம் 10 மி.மீ. ஆகும்போது திறன் 11 டையாப்டர். பரப்பு தட்டையானால் சுழியம். இரு நீர்மங்களின் அடர்த்தியும் சமமாக்கப்படுவதால், கலத்தைச் சாய்த்தாலும் புவியீர்ப்பு வடிவத்தைக் குலைப்பதில்லை.

மற்றொரு வகையில், நீர்மம் மீள்திறன் கொண்ட சவ்வால் மூடப்படுகிறது. மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருள் ஒரு வளையத்தை அழுத்த, சவ்வு புடைக்கிறது. இது பெரிய விட்டத்தில் அமையக்கூடியது. ஆயினும் கிடைமட்டமாக நோக்கும்போது நீர்மத்தின் எடை சவ்வைக் கீழ்ப்புறம் தொய்யச் செய்கிறது.

குவியம் பிறழும் காரணங்கள்

மின்நனைப்பில் தொடுகோணத்தின் கொசைன் மதிப்பில் ஏற்படும் மாற்றம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் அமைகிறது. மின்னழுத்தம் இரட்டித்தால் விளைவு நான்கு மடங்காகும். ஓர் எல்லைக்கு மேல் மாற்றம் நின்றுவிடும். இருமடி உறவாதலின் மின்னழுத்தத்தின் திசை பொருட்டன்று. எனவே, காப்புப் படலத்தில் மின்னூட்டம் தேங்குவதைத் தவிர்க்க, நீர்மம் பின்தொடர இயலாத விரைவில் மாறும் மாறுதிசை மின்னழுத்தம் பயன்படுகிறது.

குவியத்தைப் பிறழச் செய்பவை மூன்று. முதலாவது வெப்பநிலை. வெப்பம் ஏறினால் நீர்மத்தின் ஒளிவிலகல் எண் குறைகிறது. பரப்பு இழுவிசையும் மாறுகிறது. சவ்வுவகையில் நீர்மம் விரிவடைகிறது. கம்பிச்சுருளே வெப்பத்தை உண்டாக்குகிறது. இரண்டாவது தயக்கம். ஒரே மின்னழுத்தத்தை ஏறி அடைவதற்கும் இறங்கி அடைவதற்கும் வளைவு சற்று வேறுபடும். மூன்றாவது அலைவு. மின்குறிப்பைத் திடீரென மாற்றினால் நீர்மப் பரப்பு நடுங்கி, சில பத்து மில்லிநொடிகளுக்குப் பின்னரே அடங்குகிறது.

இப்பிழைகளின் அளவைத் துணியோடு ஒப்பிட வேண்டும். கேமராவிலிருந்து 20 செ.மீ. தொலைவிலுள்ள துணிக்கு 5 டையாப்டர் தேவை. துணி 5 மி.மீ. மேலெழுந்தால் தேவை 5.13 டையாப்டர் ஆகிறது. ஆகவே, 0.13 டையாப்டர் அளவிலான வெப்பப் பிழை, துணி 5 மி.மீ. இடம்பெயர்ந்ததற்கு ஒப்பான மங்கலை உண்டாக்கும்.

கட்டுப்படுத்தும் முறைகள்

முதல் முறை முன்னளவீட்டு அட்டவணை. பல வெப்பநிலைகளில் மின்குறிப்புக்கும் குவியத்துக்கும் உள்ள உறவை முன்னரே அளந்து பதிந்து, வில்லையிலுள்ள வெப்ப உணரியின் அளவைக்கொண்டு திருத்துவர். எப்போதும் ஒரே திசையிலிருந்து மதிப்பை அடைவதால் தயக்கம் குறையும். மின்குறிப்பைப் படிப்படியாக உயர்த்துவதால் அலைவு தணியும்.

இரண்டாவது முறை மின்தேக்குத்திறன் பின்னூட்டம். உப்புநீர் சுவரில் பரவும் பரப்பு மாறும்போது கலத்தின் மின்தேக்குத்திறனும் மாறுகிறது. அதனை அளந்தால், பிம்பத்தைப் பாராமலே வில்லையின் வடிவத்தை அறியலாம்.

மூன்றாவது முறை பிம்பப் பின்னூட்டம். குவியத்தைச் சிறிது மாற்றி, பிம்பத்தின் தெளிவை அளந்து, தெளிவு கூடும் திசையில் நகர்ந்து உச்சத்தைக் காண்பது இதன் வழி. வெப்பப் பிழை, தயக்கம் இரண்டையும் இது தானே ஈடுசெய்கிறது. ஆனால் பலமுறை படமெடுக்க நேரம் வேண்டும்.

சேலையில் இம்முறைக்குத் தனி இடரும் உண்டு. சரிகையின் மினுக்கம் பிம்பத்தில் மிகையொளிப் புள்ளிகளை உண்டாக்கி, தெளிவின் அளவைப் பொய்யாக உயர்த்தக்கூடும். ஆகவே கரையையும் முந்தியையும் தவிர்த்து, உடற்பகுதியின் பாவும் ஊடையும் தெரியும் சாளரத்திலேயே தெளிவை அளப்பது ஏற்றது.

வேகமும் முறையும்

விசைத்தறி நிமிடத்திற்கு 120 ஊடை எறிகிறது எனக் கொண்டால், இரு ஊடைகளுக்கு இடையே 500 மில்லிநொடி கிடைக்கிறது. ஒரு படிக்கு 50 மில்லிநொடி ஆயினும் பத்துப் படிகளில் உச்சத்தைத் தேடலாம். தறியின் மேல் பிம்பப் பின்னூட்டம் பொருந்தும். நெய்த துணியைச் சுருளிலிருந்து பிரித்து நிமிடத்திற்கு 20 மீட்டர் வேகத்தில் ஆய்ந்தால் நிலை வேறு. 50 மில்லிநொடியில் துணி ஏறத்தாழ 17 மி.மீ. நகர்ந்துவிடும், பத்துப் படித் தேடலுக்குள் 17 செ.மீ. கடந்துவிடும். அங்கு அட்டவணையும் மின்தேக்குத்திறன் பின்னூட்டமுமே துணை. துணி நிற்கும் இடைவேளையில் பிம்பத்தைக்கொண்டு அட்டவணையைச் சரிபார்க்கலாம்.

தறியின் அதிர்வும் கருதத்தக்கது. அதன் அதிர்வெண் சவ்வின் இயல்பு அதிர்வெண்ணை நெருங்கினால் பிம்பம் நடுங்கும். கேமராவைத் தறிச்சட்டத்தில் பொருத்தாது தனித் தாங்கியில் செங்குத்தாகக் கீழ்நோக்கி அமைப்பதால், அதிர்வும் சவ்வின் தொய்வும் ஒருங்கே குறைகின்றன.

முடிவுரை

நீர்மவில்லையின் சிறப்பு அது எளிதில் வடிவம் மாறுவது. அதன் குறையும் அவ்வெளிமையே. வெப்பமும் அதிர்வும்கூட அதன் வடிவத்தை மாற்றிவிடுகின்றன. ஆதலின் குவியக் கட்டுப்பாடு என்பது மின்னழுத்தம் தருவதோடு முடிவதன்று. விளைந்த வளைவை அறிந்து திருத்துவதும் அதில் அடங்கும். திருத்துவதற்குக் கிடைக்கும் நேரத்தைத் துணியின் வேகம் வரையறுக்கிறது. குறையைத் தறியிலேயே காண்பதால் சேலை மிஞ்சும் என்பதோடு, மெதுவாக நகரும் தறித்துணியே குவியத்தைத் திருத்தப் போதிய நேரமும் தருகிறது.