களி ஏன் உப்புவதில்லை?

ஓசூர் பேக்கரியில் வாங்கிய பன்னை விரலால் அழுத்துங்கள். அமுங்கும், விரலை எடுத்ததும் எழும்பிக்கொள்ளும். அஞ்செட்டிப் பக்கம் கிண்டுகிற ராகிக் களியையும் அழுத்திப் பாருங்கள், ஆறிய பிறகு! குழி விழுந்தது விழுந்ததுதான். இரண்டுமே மாவும் தண்ணீரும் சேர்ந்தவை. ஒன்று மட்டும் எப்படிப் பஞ்சாக உப்பியது?

கோதுமையில் கிளையடின், குளூட்டெனின் என்று இரண்டு வகைப் புரதங்கள் உண்டு. தண்ணீர் விட்டுப் பிசையும்போது அவை கைகோத்துக்கொண்டு இழுபடும் வலையாகின்றன. அந்த வலைக்குப் பெயர் குளூட்டன். மாவில் போட்ட ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடும். வாயு தப்பிக்கப் பார்க்கும், வலை விடாது. ஆயிரக்கணக்கான குட்டி பலூன்கள் ஊதிய மாதிரி மாவு எழும்பும். அடுப்புச் சூட்டில் அது அப்படியே இறுகினால் பன்.

வலையைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பிடி மைதாவைப் பிசைந்து அரை மணி நேரம் வைத்துவிட்டு, தண்ணீருக்குள் மெல்லக் கசக்குங்கள். மாவுச்சத்து பாலாகக் கரைந்து போய், கையில் இழுத்தால் நீளும் பசை மிஞ்சும். இத்தாலியில் பொலோன்யா நகரத்து அறிஞர் பெக்காரி 1728இல் இப்படித்தான் அதைப் பிரித்துக் காட்டினார். ராகி மாவில் செய்து பாருங்கள். கையில் எதுவுமே மிஞ்சாது, ராகியில் குளூட்டன் கிடையாது.

சிலருக்கு இந்தப் பசையே பகை. சீலியக் நோய் உள்ளவர்கள் கோதுமையோ பார்லியோ சாப்பிட்டால், அவர்கள் உடலின் பாதுகாப்புப் படை குழம்பிப்போய்ச் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். உணவை உறிஞ்சும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்துவிடும். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. உலகில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. நம் நாட்டில் கோதுமை அதிகம் சாப்பிடும் வடக்கே கூடுதல்.

காரணம் கோதுமைதான் என்று நிலைநாட்டியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில், 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் கொடிய பஞ்சம். ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரே வாடியபோது சீலியக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார்.

ஆக, சீலியக் உள்ள குழந்தைக்கு அஞ்செட்டி நல்ல ஊர். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மானாவாரிக் காடுகளில் ராகி பழைய பயிர். பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ராகிக்கென்றே ரகங்கள் வெளியிட்டிருக்கிறது. நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூடக் கிடையாது. களிக்கு வலையும் வேண்டாம். கொதிநீரில் மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீர் குடித்துப் பருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; துடுப்பால் கிண்டக் கிண்ட உருண்டை கெட்டிப்படும். வாயுவைப் பிடித்துவைக்க ஆளில்லாததால் உப்பாது, அவ்வளவுதான்.

பன் மாதிரியே வேண்டும் என்று அடம்பிடித்தால்? வலைக்கு மாற்றாள் தேட வேண்டும். மருந்துக் கடையில் விற்கும் இசப்கோல் உமி தண்ணீரை இழுத்துக் கொழகொழவென்று ஆகும். ராகி மாவோடு அரிசி மாவு கலந்து, ஒரு கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி உமி, ஈஸ்ட், சர்க்கரை, உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். பிசைய வேண்டாம், இல்லாத குளூட்டனை யார் பிசைந்து எழுப்புவது? வடை மாவு பதத்தில் அச்சில் ஊற்றிப் பொங்கவிட்டு, பெரியவர்கள் துணையோடு அவனில் சுடுங்கள். கடை பன் அளவுக்கு உப்பாது. ஆனால் சூடாக, வெண்ணெய் தடவினால் பிரமாதம்.

என்னைக் கேட்டால், நம் வீட்டு இட்லிதான் உலகின் அருமையான குளூட்டன் இல்லாத ரொட்டி. உளுந்தின் கொழகொழப்பு வலையாகிறது. புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் வாயு ஊதுகின்றன. ராகி இட்லியும் இதே வித்தைதான்.

இரண்டு இடத்தில் ஏமாறலாம். "ராகி பிரெட்" என்று விற்பதில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். கூட்டுப் பெருங்காயத்திலும் மைதா உண்டு. அட்டையைப் படியுங்கள். இன்னொன்று மாவு மில். குளூட்டன் இல்லை என்று அச்சிட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். கணக்குப் போடுங்கள்: மில்லில் ஒட்டியிருக்கும் பத்து கிராம் கோதுமை மாவு, ஐம்பது கிலோ ராகி மூட்டையை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும்! சீலியக் உள்ள வீட்டில் ராகியைக் கழுவி உலர்த்தி, கோதுமை அரைக்காத இயந்திரத்தில் அரைப்பதே சரி.

ஒரு வார்த்தை, தம்பி தங்கைகளே. அடிக்கடி வயிறு வலிக்கிறது என்று நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். சீலியக்கைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகச் சொல்லும். முதலில் டாக்டரைப் பாருங்கள்.